பாரிஸ் க்ளூனி மியூசியம்: பூசை நின்றுபோன சாமிகள் முன்னால் நாம் என்ன செய்வது?

கரிசல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். இதைப் பயணப் பகுதியில் போடுவதா, நம்பிக்கைப் பகுதியில் போடுவதா என்று யோசித்துவிட்டு இங்கேயே போடுகிறேன். கேள்வி கடைசியில் வருகிறது. பார்த்ததைச் சொல்லாமல் கேட்டால் விளங்காது.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். குலசாமி சுடலைமாடன். முகம் கிடையாது, வெள்ளையடித்த பீடம்தான். கொடைக்கு மஞ்சணை சார்த்தி மாலை போட்டதும் அந்தப் பீடத்தில் சாமி வந்து உட்கார்ந்துவிடும். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. இப்போது வேலைக்காக ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே பழைய ஐரோப்பிய தெய்வங்களைத் திரும்பக் கும்பிட ஆரம்பித்திருக்கும் ஒரு சின்னக் கூட்டத்தோடு பழக்கமாயிற்று. பேகன் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பகல் நீண்டும் சுருங்கியும் திரும்புகிற நாள்களில் காட்டோரம் கூடி நெருப்பு மூட்டி, மண்ணில் தேனும் பாலும் ஊற்றுவார்கள். நானும் போவேன். நீயும் எங்கள் ஆள்தானே என்று ஒருநாள் கேட்டார்கள். ஆமாம் என்றேன், மனசார.

போன இலையுதிர்காலத்தில் பாரிஸ் போயிருந்தபோது க்ளூனி போனேன். மத்தியகாலக் கலைக்கான மியூசியம், 1843-ல் தொடங்கியது. கட்டடமே இரண்டு காலம். ஒரு பாதி, க்ளூனி என்ற கிறிஸ்தவத் துறவி மடத்தின் தலைவர்கள் பாரிஸ் வந்தால் தங்குவதற்கென்று 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மாளிகை. மறுபாதி ரோமானியக் குளியல் கூடம், மாளிகையைவிடப் பதின்மூன்று நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. அதில் குளிர்ந்த நீர்க் கூடத்தின் வளைவுக் கூரை இன்னும் அப்படியே நிற்கிறது. 14 மீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். உள்ளே கால் வைத்ததும் கல்லின் குளிர்ச்சி முகத்தில் படுகிறது.

நான் தேடிப் போனது அங்கேதான் இருக்கிறது. படகோட்டிகளின் தூண். சேன் ஆற்றில் சரக்கு ஏற்றிய படகோட்டிகளின் சங்கம், திபேரியஸ் பேரரசனாக இருந்தபோது, அதாவது கி.பி. 14-க்கும் 37-க்கும் நடுவில், ஜூபிடருக்கு நேர்ந்து வைத்த தூண். 1711-ல் நோத்ர தாம் பேராலயத்தின் தரைக்கடியில், பேராயர்களைப் புதைக்க நிலவறை தோண்டும்போது, பழைய சுவருக்குள் கட்டடக் கல்லாகக் கிடந்தது வெளியே வந்தது. ரோமானியச் சாமிகளும் அந்த மண்ணின் சாமிகளும் அதில் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். ஒரு முகத்தில் ரோமானியரின் நெருப்புச் சாமி வல்கன். இன்னொன்றில் அந்த மண்ணின் சாமி எசுஸ், கையை ஓங்கி மரம் வெட்டுகிறார். அதற்கடுத்து இலைகளுக்கு நடுவே ஒரு காளை, அதன் மேல் மூன்று நாரைகள்.

இன்னொரு கல்லில் கெர்னுன்னோஸ். மான்கொம்பு வைத்த சாமி. எங்கள் ஜெர்மன் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் நெருப்பு மூட்ட மாட்டோம். அகலமான முகம், தாடி, தலையில் கிளைத்த கொம்பு. இரண்டு கொம்பிலும் ஆளுக்கு ஒன்றாகக் கழுத்து வளையம் தொங்குகிறது. யாரோ வேண்டிக்கொண்டு மாட்டிவிட்டுப் போன மாதிரி. மார்புக்குக் கீழே கல் இல்லை, உடைந்துபோயிற்று. தலைக்கு மேல் பெயர் செதுக்கியிருக்கிறது. அதிலும் முதல் எழுத்து போய்விட்டது.

அவர் முன்னால் வெகுநேரம் நின்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போனார்கள். கை தானாக நெஞ்சுக்கு வந்தது. கூப்பவும் இல்லை, கீழே போடவும் இல்லை, அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

அதோடு திரும்பியிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. மற்ற அறைகளுக்கும் போனேன். அங்கே எல்லாம் கிறிஸ்தவம். அந்தத் தூண் எந்தக் கோயிலுக்கு அடியில் புதைந்து கிடந்ததோ, அந்தக் கோயிலின் முகப்பில் நின்ற பைபிளில் வரும் யூதா அரசர்களின் தலைகள் ஒரு அறையில் இருக்கின்றன. 1793-ல் புரட்சிக்காரர்கள் அவற்றைப் பிரெஞ்சு அரசர்கள் என்று எண்ணிக் கழுத்தோடு உடைத்துவிட்டார்கள். 28 சிலைகளில் 21 தலைகள் 1977-ல் ஒரு கட்டட வேலையின்போது பாரிஸ் மண்ணுக்கடியில் கிடைத்தன. ஆள் தலையைவிடப் பெரிய தலைகள். மூக்கு பெரும்பாலும் போயிருக்கிறது. குனிந்து பார்த்தால் கன்னத்தில் இளஞ்சிவப்பு, உதட்டில் சிவப்பு, அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1220-30 வாக்கில் பூசிய வண்ணம்.

அங்கேதான் எனக்கு நெஞ்சை அடைத்தது. கீழே உடைந்த சாமி, இங்கே உடைந்த அரசர்கள். முதலாமவரைப் புதைத்தவர்களின் கோயில் அரசர்களையும் இன்னொருவர் வந்து உடைத்திருக்கிறார். இப்போது ஒரே டிக்கெட்டில் இருவரையும் பார்க்கிறோம். இருவருக்கும் விளக்கு கிடையாது, பூ கிடையாது. காலையில் திறந்து மாலையில் பூட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

பிறகு பார்த்ததையெல்லாம் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். புனிதர்களின் எலும்பை வைப்பதற்காக லிமோஜ் ஊரில் செய்த எனாமல் பேழைகள், குட்டி வீடு வடிவில், நீலமும் பொன்னுமாக. ஸ்பெயினில் குவாராசார் என்ற இடத்தில் புதையலாகக் கிடைத்த 7-ஆம் நூற்றாண்டுப் பொன் மகுடங்கள். யாரும் தலையில் வைக்கச் செய்ததில்லை. நேர்ந்துகொண்டு பலிபீடத்துக்கு மேலே சங்கிலியில் தொங்கவிடச் செய்தவை. கெர்னுன்னோஸின் கொம்பில் தொங்கும் வளையத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

மரத்திலும் எலும்பிலும் பொன்னிலும் தெய்வம் வந்து இறங்கும் என்று அந்த மத்தியகாலக் கிறிஸ்தவர் நம்பினார். நானும் நம்புகிறேன். பக்கத்தில் இருந்த விளக்க அட்டை அளவு, ஆண்டு, பொருள் மூன்றும் சொன்னது. இதன் முன்னால் யார் என்ன கேட்டு அழுதார்கள் என்று சொல்லவில்லை. அந்தக் கிறிஸ்தவரோடு எனக்கு இருக்கும் நெருக்கம் அந்த அட்டையோடு இல்லை. பேகன் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிலருக்குப் பிடிக்கவில்லை. "நம் சாமி மரங்களை வெட்டியவர்கள் அவர்கள். அவர்களுடைய கலை முழுக்க ஒளித்து வைத்த பழைய மதம்தான். மாதா என்பது வேடம் போட்ட பழைய தாய்த்தெய்வம். அதை மட்டும் பார்" என்றார்கள்.

என் கேள்விகள்: மியூசியத்தில் நிற்கும் சாமியைக் கும்பிடுவீர்களா? அங்கே இன்னும் சாமி இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? பழைய சாமிகளைப் புதைத்த மதத்தின் சிலை முன்னால், பேகனான எனக்கு வருகிற இந்த உருக்கத்தை என்ன செய்வது? அடுத்த மாதம் மறுபடி பாரிஸ் போகிறேன்.

---

லாஷப்பல் ஆள்:

தங்கச்சி, வணக்கம். நான் பாரிசில கனகாலம். லா ஷப்பல் பக்கம்தான் வேலையும் வீடும். உங்கட பதிவை வாசிச்சுப்போட்டு சும்மா இருக்க ஏலாமல் போச்சு.

முதல்ல போற விசயம். திங்கக்கிழமை பூட்டு. மாசத்தில முதல் ஞாயிறு காசில்லை, ஆனா சனம் நிரம்பி வழியும். உங்களுக்குத் தூணுக்கு முன்னால அமைதியா நிக்க வேணுமெண்டால் கிழமை நாளில காலமை திறந்த உடன போங்கோ. மெட்ரோ பத்தாம் லைன், க்ளூனி லா சொர்போன்.

இனி உங்கட கேள்வி. நான் இஞ்ச ஒரு மியூசியத்தில முந்தி இரவில துப்பரவு வேலை செய்தனான். பகலில நிக்கிற சனம் ஒண்டும் இருக்காது. பாதி லைட் தான் எரியும். மர மாதா ஒண்டு, மடியில பிள்ளையோட இருப்பா. கையில ரெண்டு விரல் இல்லை. அவவுக்கு முன்னால தரையைத் துடைக்கேக்க நான் முதுகு காட்டித் துடைச்சதில்லை. என்னோட வேலை செய்த மாலி நாட்டுப் பெடியன் ஒருத்தன், முஸ்லிம், அவனும் அப்பிடித்தான், அதில வரேக்க குரலைத் தாழ்த்திப்போடுவான். ரெண்டு பேரும் இதைப் பற்றிக் கதைச்சதே இல்லை.

எங்கட சனம் இஞ்ச ஆசியக் கலை வச்சிருக்கிற கிமே மியூசியத்தில சோழர் காலத்து நடராசருக்கு முன்னால கைகூப்பிறதை நான் கண்ணால பாத்திருக்கிறன். சிலபேர் செருப்பைக் கழட்டப் பாப்பினம், பிறகு விட்டிடுவினம். காவலுக்கு நிக்கிறவை ஒண்டும் சொல்லுறேல்லை. கைகூப்பிறதால ஆருக்கு என்ன நட்டம்?

சாமி அங்க இருக்கோ எண்டு கேட்டீங்கள். எனக்குத் தெரிஞ்ச அளவில சொல்லுறன். நாங்கள் இஞ்ச வரேக்க ஒரு கோயிலும் இல்லை. 1985-ல மாணிக்க விநாயகர் கோயில் தொடங்கினது. இண்டைக்கு ஆவணி முடியிற நேரம் தேர் வெளிக்கிட்டால் பாரிஸ் தெருவில தேங்காய் மலை மலையாக் குவிஞ்சு உடையுது, வெள்ளைக்காரரும் ஒதுங்கி நிண்டு பாக்கினம். பிள்ளையார் எங்களோட வந்தவர். அவரைத் தூக்கிக்கொண்டு வரச் சனம் இருந்தது. உங்கட கொம்புச் சாமிக்கு அப்பிடித் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லாமல் போச்சு. இப்ப நீங்கள் வந்து நிக்கிறீங்கள். வடிவாக் கும்பிடுங்கோ.

---

முத்துநகர்:

சகோதரிக்கு வணக்கம். நான் கத்தோலிக்கன், தூத்துக்குடிக்காரன், பனிமய மாதா கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன். உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். எங்களுக்கு வலிக்கிற இடத்தை வேறு நம்பிக்கையில் இருக்கிற ஒருவர் இவ்வளவு சரியாகத் தொட்டு நான் பார்த்ததில்லை.

க்ளூனிக்கு நானும் போயிருக்கிறேன். சுவிட்சர்லாந்தின் பாசல் பேராலயத்துப் பொற்பீட முகப்பு அங்கே இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. ஓக் மரப் பலகை மேல் பொன் தகட்டை அடித்து உருவம் எழுப்பியிருக்கிறார்கள். நடுவில் இயேசு, இரு பக்கமும் அதிதூதர்களும் புனித பெனடிக்டும். பேரரசர் இரண்டாம் ஹென்றியும் அவர் மனைவி குனிகுண்டாவும் கொடுத்ததாகச் சொல்வார்கள். இரண்டு பேரையும் இயேசுவின் காலடியில் விழுந்து கிடக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள், விரல்கடை அளவுதான் இருப்பார்கள். பேரரசன் தன்னை அவ்வளவு சின்னதாகக் காட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறான். அதன் முன்னால் பூசை நடக்க வேண்டும். மெழுகுதிரி எரிய வேண்டும், திரி எரிய எரிய அந்தப் பொன் அசைய வேண்டும். அதற்காகச் செய்தது. மின்விளக்கில் அது அசையாமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்று மட்டும் வேறாகச் சொல்ல வேண்டும், கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சுரூபத்தில் தெய்வம் வந்து இறங்கும் என்று நாங்கள் சொல்வதில்லை. மாதா சுரூபத்துக்கு வைக்கிற மரியாதை மரத்தோடு நிற்பதில்லை, மாதாவுக்குப் போய்ச் சேர்கிறது. 787-ல் நீசேயாவில் கூடிய சங்கம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. திருப்பண்டம் கொஞ்சம் வேறு. அது புனிதருடைய உடம்பின் பங்கு, உயிர்த்தெழப்போகிற உடம்பு. அதனால்தான் அந்தக் குட்டிப் பேழைகளுக்கு அத்தனை பொன், அத்தனை நீலம். ஆனால் திருவிழாவில் மாதா முகத்தைப் பார்த்துக் கண் கலங்குகிற எங்கள் ஆச்சியிடம் போய் இந்த வித்தியாசத்தைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது உண்மை.

மரம் வெட்டியதை நான் மறுக்க மாட்டேன். பிரான்சில் தூர் நகரத்து ஆயராக இருந்த புனித மார்ட்டின் ஒரு கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற பைன் மரத்தை வெட்டியதை அவருடைய பழைய வரலாறே பெருமையாகச் சொல்கிறது. அந்தக் கதையிலேயே இன்னொன்றும் இருக்கிறது: கோயிலை இடித்தபோது பேசாமல் இருந்த ஊரார், மரத்தில் கை வைத்ததும் எதிர்த்து நின்றார்கள். 601-ல் பாப்பரசர் கிரகோரியார் இங்கிலாந்துக்குப் போன குருக்களுக்கு எழுதிய கடிதத்தில் சுருதி மாறுகிறது. கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பீடம் வையுங்கள், மாடு வெட்டி விருந்து வைத்துப் பழகியவர்களுக்கு மறைசாட்சிகளின் திருநாளில் விருந்து இருக்கட்டும் என்கிறார். சிலையை அகற்றச் சொன்னதில் உங்களுக்கு இருக்கிற வருத்தத்தை நான் தீர்க்க முடியாது. ஆனால் கும்பிட வருகிறவர்களின் கால் எந்த இடத்துக்குப் பழகியது என்பதை அவர் அறிந்திருந்தார்.

குவாராசார் மகுடம் எங்களுக்கு நேர்ச்சை. கோவிலில் வெள்ளியில் கண்ணும் காலும் வாங்கிப் போடுகிறோமே, அதே வகை. அதன் முன்னால் நீங்கள் உருகினால் அது எங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்வதாக நான் நினைக்க மாட்டேன். கைகூப்புங்கள்.

---

நெடுவழி:

இந்த இழையைப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒற்றைக்கொம்புக் குதிரைத் திரைகளைப் பற்றி யாருமே எழுதவில்லையே? க்ளூனி என்றாலே எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்?

---

சுண்ணக்கல்:

கரிசல்காரிக்கு வணக்கம். பழைய கற்சிற்பங்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பது என் தொழில். நம்பிக்கை பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. கல் பற்றியும், உங்கள் நண்பர்கள் சொன்ன 'ஒளித்து வைத்த மதம்' பற்றியும் சொல்ல இருக்கிறது.

கும்பிடுங்கள், ஆனால் தூணின் அருகில் பூவோ, குங்குமமோ, தேனோ வைக்காதீர்கள். தொடவும் வேண்டாம். அந்தத் தூண் சுண்ணாம்புக்கல். சன்னமான துளைகள் உள்ள கல், விரலில் இருக்கும் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். அதில் தூசி ஒட்டும். பூ வாடினால் பூச்சி வரும், பூச்சி வந்தால் கல்லோடு நிற்காது, பக்கத்து அறைகளில் இருக்கும் கம்பளிக்கும் மரத்துக்கும் போகும். நம் ஊரில் எண்ணெயும் அபிஷேகமும் வாங்கியே பழகிய கருங்கல் வேறு.

கெர்னுன்னோஸின் முதல் எழுத்தைச் சொன்னீர்கள். 1711-ல் தூண் வெளியே வந்தபோது பார்த்து எழுதி வைத்தவர்களின் பிரதிகளில் பெயர் முழுதாக இருக்கிறது. மண்ணுக்குள் அத்தனை நூற்றாண்டு தாங்கிய எழுத்து வெளியே வந்தபிறகு போயிருக்கிறது. இந்தப் பெயர் இந்த வடிவில் நமக்குத் தெரிவதே இந்தக் கல்லால்தான். உலகத்தில் எங்கெங்கோ நெருப்பு மூட்டிக் கூப்பிடுகிற பெயருக்கு ஆதாரம் அந்தக் கல்லில் மிச்சமிருக்கும் எழுத்துகள். தொடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இனி அந்த வேடம் போட்ட தாய்த்தெய்வம். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த அரசர் தலைகளைச் செதுக்கியவரும் வண்ணம் பூசியவரும் 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள். இரகசியமாக வேறு சாமியைக் கும்பிட்டார்கள் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. செத்துப்போனவர்களின் நம்பிக்கையை நமக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதுவது, அவர்கள் சிலையை உடைப்பதற்கு நிகரான காரியம். உங்கள் கெர்னுன்னோஸைக் கும்பிட்ட படகோட்டிகளை யாராவது 'அவர்கள் உள்ளுக்குள் கிறிஸ்தவர்கள்தான்' என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அதற்காக மாதா உருவங்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் அடங்கிக் கிடந்தன என்று எண்ண வேண்டாம். க்ளூனியில் திறக்கும் மாதா என்று ஒரு மரச் சிற்பம் உண்டு. 1400 வாக்கில் பிரஷ்யப் பகுதியில் செய்தது. மூடியிருக்கும்போது குழந்தையை ஏந்தி உட்கார்ந்திருக்கும் சாதாரண மாதா. நடுவில் பிளந்து இரண்டு கதவாகத் திறக்கும். உள்ளே பிதா, அவர் கையில் சிலுவையில் சுதன். கதவுகளின் உட்பக்கம் அவள் போர்வைக்குள் மனிதர் கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். கடவுளே அவள் வயிற்றுக்குள். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த இறையியலாளர் ழான் ஜெர்சோன் இந்த மாதிரிச் சிலையை வெளிப்படையாகக் கண்டித்தார். மூவொரு கடவுளும் சேர்ந்து மரியாளிடம் உடல் எடுத்ததுபோல் ஆகிவிடும், அது தவறான போதனை என்பது அவர் வாதம். ஆனாலும் சனங்கள் செய்துகொண்டார்கள், வைத்துக் கும்பிட்டார்கள். அம்மா எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கிறாள் என்ற நினைப்பு அவர்களுடைய சொந்த நினைப்பு, கிறிஸ்தவத்துக்குள்ளேயே முளைத்தது. அதை வேறு எங்கிருந்தோ ஒளிந்து வந்ததாகச் சொல்லி அவர்களிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அதைத் தேடிப் பாருங்கள். கீலை உற்றுப் பாருங்கள், எத்தனை கை திறந்து மூடியிருக்கும்.

---

கரிசல்காரி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பொறுமையாகப் பதில் வரும் என்று நினைக்கவே இல்லை.

லாஷப்பல் அண்ணா, முதுகு காட்டித் துடைத்ததில்லை என்ற வரியை என் அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "அந்தத் தம்பி நல்லா இருக்கட்டும்" என்றார்கள். காலையில் திறக்கும்போதே போய்விடுகிறேன். தூக்கிக்கொண்டு வரச் சனம் வேண்டும் என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆள் இல்லாமல் சாமி பட்டினி கிடக்கும், செத்துப்போகாது. எங்கள் ஊரிலும் கொடை நின்று, கிளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போய், பிறகு யாரோ ஒரு பேரன் கனவு கண்டு திரும்பி வந்து விளக்கேற்றிய பீடங்கள் உண்டு.

நெடுவழி, அந்தத் திரைகளை விட்டுவிடவில்லை. 1500 வாக்கில் நெய்த ஆறு திரைகள், கம்பளியும் பட்டும். ஐந்து திரையில் ஐம்புலன், ஆறாவதில் ஒரு கூடாரம், அதன் மேல் 'என் ஒரே விருப்பத்துக்கு' என்று எழுதியிருக்கிறது. சிவப்புத் தரை முழுக்கப் பூ, நடுநடுவே முயல். பிள்ளைகளை முயலைத் தேடச் சொல்லுங்கள், அறையை விட்டு வரமாட்டார்கள். வெளிச்சம் பட்டால் சாயம் போகும் என்று இருட்டாக வைத்திருக்கிறார்கள். கண் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் ஒரு பணக்காரக் குடும்பம் தன் கொடியும் சின்னமும் போட்டு வீட்டுச் சுவருக்கு நெய்வித்தது அது. யாரும் அதன் முன்னால் மண்டியிடவில்லை. நான் கேட்க வந்தது மண்டியிட்ட இடங்களைப் பற்றி, அதனால் எழுதவில்லை.

முத்துநகர் அண்ணாச்சி, உங்களைக் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? மரியாதை மரத்தோடு நிற்பதில்லை என்பது உங்கள் வழி. எனக்குப் பீடமே சாமி. இந்த வித்தியாசத்தை நான் கரைக்கப் பார்க்கவில்லை. உங்கள் ஆச்சி என்ன சொல்வார் என்று தெரியும் என்றீர்களே, அந்த ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு இடம் இருக்கும் என்று தோன்றுகிறது. பாசல் பொற்பீடத்தின் காலடியில் அந்த இரண்டு பேரையும் நான் கவனிக்காமல் வந்துவிட்டேன், இந்த முறை பார்க்கிறேன். மெழுகுதிரிக்கு அந்தப் பொன் அசையும் என்று நீங்கள் எழுதியதுதான் விளக்க அட்டையில் இருந்திருக்க வேண்டும்.

சுண்ணக்கல், நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதாவது நீங்கள் சொன்னதே சரி. படகோட்டிகளை யாராவது அப்படிச் சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். எங்கள் கூட்டத்தில் அடுத்த நெருப்பின்போது இதை எடுத்துப் பேசப்போகிறேன். மாதாவை மாதாவாகவே விட்டுவிடுவோம், அவளுக்கும் நமக்கும் நடுவில் சண்டை வேண்டாம் என்று. சிலர் கேட்பார்கள், சிலர் எழுந்து போவார்கள். தேனையும் பாலையும் காட்டிலேயே ஊற்றிக்கொள்கிறேன். தூணுக்கு முன்னால் கை மட்டும்தான். எழுத்து வெளியே வந்தபிறகு போயிற்று என்று படித்ததிலிருந்து, தொட வேண்டும் என்ற ஆசையும் போய்விட்டது.

இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். க்ளூனியில் இருந்த குவாராசார் புதையலில் பெரும்பகுதி 1941-ல் ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டது. அந்தக் காலத்தில் ஸ்பெயினை ஆண்ட ரெசெஸ்வின்த் அரசனின் பெரிய மகுடம் இப்போது மாட்ரிட் தேசியத் தொல்பொருள் மியூசியத்தில். மகுடத்தின் விளிம்பில் அரசன் பெயரும், காணிக்கை தருகிறேன் என்பதும் தனித்தனிப் பொன் எழுத்துகளாகத் தொங்குமாம். அதில் முதல் எழுத்தான ஆர் மட்டும் க்ளூனியிலேயே தங்கிவிட்டது. மாட்ரிட் போனவர்கள் யாராவது அந்த மகுடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்களா, பிரதி செய்து மாட்டியிருக்கிறார்களா? வசந்தத்தில் போகலாமென்று இருக்கிறேன், எவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்க விடுகிறார்கள் என்றும் சொல்லுங்கள்.